எனக்கு ஒன்றும் வேண்டாம்

ஐப்பசி பிறந்து அடைமழை தொடங்கிவிட்டால் நம் வீடுகள் சுருங்கிப் போகின்றன. சித்திரையிலும் வைகாசியிலும் திண்ணை, முற்றம், கொல்லை, வேப்பமரத்தடி என்று விரிந்து கிடந்த அதே வீடு, கார்த்திகை வந்ததும் ஒரு கூடமும் ஓர் அடுப்படியுமாக ஒடுங்கிவிடுகிறது. வீட்டில் உள்ளோர் எண்ணிக்கை குறையவில்லை, இடந்தான் குறைகிறது. ஆறு பேர் படுத்துறங்க ஆறு இடங்கள் இருந்த வீட்டில், சாரல் படாத இடங்கள் நான்கே என்று ஆகும்போது, யார் எங்கே படுப்பது என்னும் கேள்வி எழுகிறது. அக்கேள்வியை எந்தக் குடும்பமும் வாய்விட்டுக் கேட்பதில்லை. ஆயினும் ஒவ்வொரு குடும்பமும் அதற்கு ஒரு விடையைக் கண்டு வைத்திருக்கிறது. எங்கள் குடும்பம் கண்ட விடையைப் பற்றி இம்மாதம் உங்களோடு பேச விழைகிறேன். அது எனக்குப் பெருமை தரும் செய்தி அன்று.

நான் வாழும் ஊர் பட்டுக்கோட்டை. காவிரிப் பாசனத்தின் கடைமடை இது. மேட்டூர் அணை முடிவுற்ற 1934-ஆம் ஆண்டில் வந்த கல்லணைக் கால்வாயை இன்றும் எங்கள் பக்கத்து முதியோர் ‘புது ஆறு’ என்றே அழைக்கின்றனர். மேற்கிலிருந்து வரும் அந்த ஆற்று நீர் எங்களை வந்தடையப் பல நாள் ஆகும். கிழக்கிலிருந்து வரும் மழைக்கு அத்தகைய தயக்கம் இல்லை. கடல் அருகில் இருப்பதால், வங்கக்கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு தோன்றியது என்று வானொலி சொல்லி முடிப்பதற்குள் எங்கள் தெருவில் குடைகள் விரிந்துவிடும். தமிழ்நாட்டின் ஓராண்டு மழையில் ஏறத்தாழப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள 3 மாதங்களில்தான் பெய்கிறது. சம்பாப் பயிருக்கு அது உயிர். வீட்டுக்காரிக்கு அதுவே தலைவலி.

பழந்தமிழர் ஐப்பசி, கார்த்திகையைக் கூதிர்க்காலம் என்றும், மார்கழி, தையை முன்பனிக் காலம் என்றும் வகுத்தனர். கூதிர் முடிந்து முன்பனி தொடங்கும் இந்த இடைவேளையே எங்கள் ஊருக்குக் குளிர்காலத்தின் தொடக்கம். வெப்பமானியைப் பார்த்தால் நகைப்பு வரும். இரவில் 21 அல்லது 22 பாகைக்குக் கீழே அது இறங்குவது அரிது. மேனாட்டார் அதனைக் கோடை என்பர். ஆனால் அவர்களுடைய வீடுகள் குளிரை வெளியே நிறுத்துவதற்கென்று கட்டப்பட்டவை. நம்முடையவையோ காற்றை உள்ளே அழைப்பதற்கென்று கட்டப்பட்டவை. ஓட்டிடுக்கிலும் சன்னல் சட்டத்திலும் நுழையும் ஈரக்காற்று சுவரை நனைக்கிறது, பாயை நனைக்கிறது, உப்புச் சாடியைக்கூட நீராக்குகிறது. அந்த ஈரத்தில் 22 பாகை என்பது என்னவென்று, ஒரு பருத்திப் போர்வையோடு படுத்திருக்கும் எழுபத்தைந்து வயதுக்காரரைக் கேட்டால் தெரியும். கேட்டால் அவர் என்ன சொல்வார் என்பதும் தெரியும். அதனைப் பின்னர்ச் சொல்கிறேன்.

குளிர்காலத்தை நான் வெறுப்பவன் என்று எண்ணிவிட வேண்டாம். அதன் இன்பங்கள் தனி. கோடையில் மொட்டை வெயிலில் காய்ந்து கருத்து இட்டுவைத்த வடகமும் மோர்மிளகாயும் வற்றலும் பானையிலிருந்து வெளிவரும் காலம் இது. காய்கறி விலை ஏறி, கடலுக்கும் படகு போகாத நாட்களில், அதிராம்பட்டினத்துக் கருவாடு ஒரு துண்டு குழம்பில் விழுந்தால் நான்கு வீட்டுக்கு மணக்கும். மிளகு இரசத்தைச் சோற்றில் ஊற்றிக்கொள்ளாமல் குவளையில் வாங்கிக் குடிப்போம். பள்ளிக்கு மழை விடுமுறை என்று செய்தி வரும் காலையில் பிள்ளைகள் எழுப்பும் ஆரவாரம் இருக்கிறதே, அதற்கு ஈடு ஏது? டிசம்பர் பிறந்துவிட்டால் மூங்கில் குச்சியும் வண்ணத் தாளும் வந்துவிடும். நட்சத்திரம் கட்டும் பசையைக் கிண்டுவதற்கு மைதாமாவு கேட்டு அடுப்படியில் சண்டை நடக்கும். குடிலில் பச்சைப்புல் வேண்டும் என்று பழைய தட்டுகளில் மண் பரப்பிக் கேழ்வரகைத் தூவி, ஒரு நாளைக்கு ஒன்பது முறை முளைத்துவிட்டதா என்று கிளறிப் பார்க்கும் சிறுவர்களை நீங்களும் அறிவீர்கள். தையற்காரரோ, நவம்பரிலேயே துணி கொடுத்தவர்களுக்கும் டிசம்பர் 24-ஆம் நாள் இரவில்தான் சட்டை கொடுப்பார். அது மாறாத நியதி.

இத்தனைக்கும் நடுவில், சட்டை என்றவுடன் எனக்கு நினைவுக்கு வருவது பள்ளிச் சீருடை.

பத்துப்பாட்டுள் நெடுநல்வாடை என்றொரு பாட்டு உண்டு. நக்கீரர் பாடியது, 188 அடிகள். மழைக்கால வீடு ஒன்றைத் தமிழில் அதனினும் துல்லியமாகக் காட்டிய பாட்டை நான் அறியேன். வானம் இருண்டு பகலும் இரவும் ஒன்றாகிவிட்டதால், பெண்கள் பூந்தட்டில் இட்ட பிச்சி அரும்பு மலர்வதைக் கண்டே மாலை வந்ததென்று அறிந்து விளக்கேற்றுகின்றனர். புறாக்கள் இரை தேடப் போகாமல் மாடத்தின் விளிம்பிலேயே இருந்துவிடுகின்றன. குளிர்ந்த நீரை யாரும் பருகுவதில்லை. நெருப்புச் சட்டியை நாடுகின்றனர். வேனிலில் ஓயாது வீசிய விசிறி, வேலையின்றி முளையில் தொங்குகிறது. இப்பகுதியை வகுப்பில் நான் பலமுறை நடத்தியிருக்கிறேன். நடத்தும்போதெல்லாம் ஓர் எண்ணம் குறுக்கிடும். நக்கீரர் காலத்தில் குளிர் வந்தால் விசிறி ஓய்ந்தது. எங்கள் வீட்டிலோ கார்த்திகையில்தான் மின்விசிறி ஓயாமல் சுழன்றது. ஏனெனில் அதன் கீழே கொடி கட்டி மூன்று பிள்ளைகளின் சீருடைகள் தொங்கின.

ஆளுக்கு இரண்டு சீருடை. ஒன்று உடலில், மற்றது ஈரத்தில். மாலை ஐந்து மணிக்கு நனைந்து வரும் சட்டை மறுநாள் காலை எட்டுக்குள் உலர வேண்டும். வெயில் இல்லை. கூடத்தில் குறுக்கே கயிறு கட்டி, விசிறியை முழு வேகத்தில் வைத்துவிட்டு, நாங்கள் எல்லாரும் ஓரம் ஒதுங்கிப் படுத்துக்கொள்வோம். வாடைக்காற்று வெளியே; விசிறிக்காற்று உள்ளே. அந்தக் கூடத்தின் நடுவில்தான் என் தந்தையாரின் கட்டில் இருந்தது.

நான் சொல்வது 1996-ஆம் ஆண்டு. தந்தையாருக்கு வயது 76. தாயார் முன்னரே இறைவனடி சேர்ந்துவிட்டார். என் மனைவி, மேனிலை இரண்டாம் ஆண்டு படித்த மகள், அவளுக்கு இளைய இரு மகன்கள், நான் என்று வீட்டில் ஆறு பேர். உள்ளறை ஒன்று, அதில் மகள் படித்தாள். பொதுத்தேர்வு மார்ச்சில், அரையாண்டுத் தேர்வு டிசம்பரில். மேனிலை இரண்டாம் ஆண்டுப் பிள்ளை ஒன்று வீட்டில் இருந்தால் அந்த ஆண்டு முழுவதும் வீடே தேர்வு எழுதும் என்பது பெற்றோர் அறிந்ததே.

தந்தையாருக்கு இருமல். ஐப்பசியில் தொடங்கினால் தை வரை விடாது. இரவு பத்துக்கு மேல் அது உரத்து ஒலிக்கும். உள்ளறையில் புத்தகம் மூடப்படும் ஓசை கேட்கும். பிள்ளை ஒன்றும் சொல்லமாட்டாள். அவள் ஒன்றும் சொல்லாதது எனக்குச் சொன்னது போலவே இருக்கும். ஒருநாள் இரவு உணவின்போது தந்தையாரே பேச்சை எடுத்தார்.

“தம்பி, என் கட்டிலைக் கொல்லைத் தாழ்வாரத்தில் போட்டுவிடு. ராத்திரி இரண்டு மூன்று தடவை எழுந்து போக வேண்டியிருக்கிறது. அங்கே என்றால் வசதி.”

“அங்கே சாரல் அடிக்குமே, அப்பா.”

“ஒரு சாக்கைக் கட்டி மறைத்தால் போயிற்று. எனக்கு என்ன, வயலில் படுத்தவன். எனக்கு ஒன்றும் வேண்டாம்.”

என் மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் முந்திக்கொண்டேன். “சரி, அப்பா சொல்வதும் நல்லதுதான்” என்றேன்.

எவ்வளவு விரைவாகச் சொன்னேன் என்பதுதான் இன்றும் என்னை உறுத்துகிறது. அவர் அந்தச் சொல்லைச் சொல்லமாட்டாரா என்று என் உள்ளம் பல நாட்களாகக் காத்திருந்திருக்கிறது. அவர் சொன்னார், நான் நம்பினேன். நம்பினேன் என்பதைவிட, நம்புவது எனக்கு வசதியாக இருந்தது என்பதே பொருந்தும். மறுநாள் காலையில் கட்டில் தாழ்வாரத்துக்குப் போயிற்று. இரண்டு கோணிகளைப் பிரித்துத் தைத்துச் சாரலுக்குத் திரை கட்டினோம். தலைமாட்டில் ஒரு முக்காலி, அதன்மேல் செம்பு, செபமாலை, கைவிளக்கு. பார்த்தவர்கள் “பெரியவருக்குத் தனி இடம் செய்து கொடுத்திருக்கிறீர்கள்” என்று பாராட்டினார்கள். ஒன்று சொல்லவேண்டும்: எங்களில் யாரும் அவரை வெறுத்தோம் இல்லை. பகலில் அவரில்லாமல் எங்கள் பிள்ளைகளுக்குச் சோறு இறங்காது. வெறுப்பினால் முதியோர் வெளியே தள்ளப்படும் வீடுகளைப் பற்றி எழுதுவது எளிது. அன்புள்ள வீடுகளில், ஆளுக்கொரு நல்ல காரணத்தோடு, அவர்களே கேட்டுக்கொண்டதாக வைத்து, ஒவ்வோர் அடியாகக் கட்டில் நகர்வதைப் பற்றித்தான் எனக்குத் தெரியும்.

அரையாண்டுத் தேர்வில் இயற்பியல் நாளுக்கு முந்தைய இரவு. மார்கழி பிறக்க ஓரிரு நாட்களே இருந்தன. மாலையிலிருந்து விடாத மழை. நான்கு மணிக்கு வெந்நீர் போடுவதற்காக எழுந்த என் மனைவி கொல்லைக் கதவைத் திறந்தாள். “ஐயோ, மாமா!” என்ற குரல் கேட்டு ஓடினேன். தந்தையார் தாழ்வாரத்துப் படியில், ஒரு காலை நீட்டியபடி, தலைமேல் கோணியைப் போட்டுக்கொண்டு அமர்ந்திருந்தார். கொல்லைக்குப் போய்த் திரும்புகையில் பாசிபடிந்த கல்லில் வழுக்கி விழுந்திருக்கிறார். கணுக்கால் வீங்கியிருந்தது. எழுந்து கட்டிலுக்குப் போக முடியவில்லை.

“விழுந்து எவ்வளவு நேரம் ஆயிற்று, அப்பா?”

“இப்போதுதான், தம்பி. இப்போதுதான்.”

சட்டை முழுவதும் நனைந்து உடலோடு ஒட்டியிருந்தது. கையைப் பிடித்தேன், கிணற்றுக் கயிற்றைப் பிடித்ததுபோல் இருந்தது. “கூப்பிட்டிருக்கலாமே!” என்று நான் சற்று உரக்கவே கேட்டேன். அச்சம் கோபமாக வெளிப்படும் அல்லவா? அவர் உதட்டின்மேல் விரலை வைத்தார்.

“மெதுவாகப் பேசு. பாப்பாவுக்குப் பரீட்சை.”

இரண்டு நாள் கழித்து, என்னிடம் அல்ல, என் மனைவியிடம் உண்மையைச் சொன்னாராம். அவர் விழுந்தபோது, இரண்டாம் ஆட்டம் சினிமா விட்டுச் சனங்கள் பேசிக்கொண்டே தெருவில் போன ஓசை கேட்டதாம். அப்படியானால் இரவு ஒன்று, ஒன்றரை மணி இருக்கும். ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் அவர் அந்தப் படியில் மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பன்னிரண்டு அடி தூரத்தில் நாங்கள் உறங்கிக்கொண்டிருந்தோம், விசிறி சுழன்றுகொண்டிருந்தது, சீருடைகள் உலர்ந்துகொண்டிருந்தன.

எலும்பு முறியவில்லை, அது இறைவன் அருள். ஆனால் நெஞ்சுச்சளி கட்டிக் காய்ச்சல் கண்டு பத்து நாட்கள் படுத்துவிட்டார். அந்த நாட்களில் மருத்துவர் விளக்கியதையும், பின்னர் நானே தேடிப் படித்ததையும் இங்கே எழுதிவைப்பது கடமை. முதுமையில் தசை குறைகிறது. ஆகவே உடல் உண்டாக்கும் வெப்பமும் குறைகிறது. தோல் மெலிந்து, அதன் கீழுள்ள கொழுப்பும் கரைவதால் இருக்கும் வெப்பமும் எளிதில் வெளியேறுகிறது. இவற்றைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. குளிரைக் குளிர் என்று உணரும் ஆற்றலே முதியோருக்கு மங்கிவிடுகிறது. இளைஞன் நடுங்கும் குளிரில் முதியவர் நடுங்காமல் இருப்பார்; அவர் தாங்குகிறார் என்று நாம் நினைக்கிறோம்; உண்மையில் அவருடைய உடல் எச்சரிக்கவில்லை. குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்குவதால் இரத்த அழுத்தம் கூடும், சிறுநீரும் மிகும். அதனால்தான் இரவில் இரண்டு மூன்று முறை எழ நேர்கிறது. அப்படி எழவேண்டுமே என்று அஞ்சி மாலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடும் முதியோர் பலர், அதுவும் தீங்கே. ஆக, “எனக்குக் குளிரவில்லை” என்று தந்தையார் சொன்னது பாதி அன்பு. பாதி அவருடைய உடல் அவருக்குச் சொன்ன பொய். இரண்டையும் நான் உண்மை என்று எடுத்துக்கொண்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த நாட்களில் அண்டை வீட்டு அம்மையார் ஒருவர் அன்பு மேலிட்டு ஓர் அனல் சட்டியைக் கொணர்ந்து, கதவு சன்னலை அடைத்துக் கட்டிலின் கீழ் வைக்கச் சொன்னார். என் மனைவி உடன்படவில்லை. அவள் செய்தது எவ்வளவு சரி என்பது பிறகுதான் தெரிந்தது. அடைத்த அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு உண்டாகும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குபவர் உறங்கியபடியே இறந்துபோவார். பிள்ளை பெற்ற வீடுகளில் சாம்பிராணி போடுபவர்களும் இதனை நினைவில் கொள்வது நல்லது. புகை போட்டு முடித்ததும் சட்டியை வெளியே எடுத்து, சற்றுக் கதவைத் திறந்துவிட வேண்டும். ஈரத்துக்கு அஞ்சிக் காற்றையே அடைத்துவிடக் கூடாது.

தந்தையாரை உள்ளறைக்குக் கொண்டுவந்தோம். அந்த அறையின் தென்சுவர் அடுப்படிக்கும் பொதுச்சுவர். அதனையொட்டிக் கட்டிலைப் போட்டால் இரவு ஒன்பது பத்து மணி வரை சுவரில் இளஞ்சூடு இருக்கும். இவ்வளவு எளிய வழி எங்களுக்கு ஏன் அதுவரை தோன்றவில்லை? தோன்றியிருந்தால் மகளை அங்கிருந்து எழுப்ப வேண்டியிருந்திருக்கும், அதனால் தோன்றவில்லை. கொல்லைக்குப் போகும் வழியில் சிறு மின்விளக்கு ஒன்று இரவெல்லாம் எரிய ஏற்பாடு செய்தோம். வழுக்குக் கற்களைத் தேங்காய்நாரும் சுண்ணாம்பும் கொண்டு தேய்த்தோம். படுக்கையருகே பாத்திரம் வைத்தோம். அவர் அழைக்க வேண்டுமானால் தட்டுவதற்கு ஒரு பித்தளைத் தட்டும் கரண்டியும் கொடுத்தோம். அதன்பின் நான்காண்டுக்கு மேல் அவர் உயிர் வாழ்ந்தார். ஒருமுறையேனும் அந்தத் தட்டைத் தட்டியதில்லை. ஆகவே நான் இரவு ஒரு மணிக்குக் கடிகாரத்தில் மணி வைத்துக்கொண்டு எழுந்து பார்க்கப் பழகினேன்.

எல்லாம் இனிதே முடிந்தது என்று எழுத எனக்கு ஆசைதான். ஆனால் கூடத்துக்கு மாறிய மகள் மகிழ்ச்சியோடு மாறவில்லை. இயற்பியலில் மதிப்பெண் குறைந்தது. தலைமாட்டில் விசிறி, கால்மாட்டில் தம்பிமார், உள்ளறையிலிருந்து இருமல். இதில் எப்படிப் படிப்பது என்று அழுதாள். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படித்தாள். நான் சினந்து, “பெரியவரைவிட உன் மார்க்கு பெரிதோ?” என்று கேட்டேன். அப்போது என் மனைவி குறுக்கிட்டாள்.

“அவளை ஏன் திட்டுகிறீர்கள்? அவள் கேட்பதும் நியாயந்தானே? மார்க்கு வேண்டும் என்று ஆறு மாதமாக அவளுக்குச் சொல்லிச் சொல்லி வைத்தது யார்?”

நான் வாயடைத்து நின்றேன். அவள் விடவில்லை. அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

“இந்த வீட்டில் யார் எங்கே படுப்பது என்று அப்பாவுக்கு யோசித்தீர்கள், பிள்ளைக்கு யோசித்தீர்கள். நான் எங்கே படுக்கிறேன் என்று உங்களுக்குத் தெரியுமா?”

வாசகரே, எனக்குத் தெரியவில்லை. பதினெட்டு ஆண்டு இல்வாழ்க்கை நடத்திய மனைவி மழைக்காலத்தில் எங்கே படுக்கிறாள் என்பது எனக்குத் தெரியவில்லை. நான் உறங்கச் செல்லும்போது அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பாள்; நான் எழும்போது வெந்நீர் கொதித்துக்கொண்டிருக்கும். அன்று இரவு விழித்திருந்து பார்த்தேன். பதினொன்றரை மணிக்கு அடுப்படி வாயிலில் ஒரு கோணியை விரித்து, அதன்மேல் பழம்புடவை ஒன்றை மடித்துப் போட்டுப் படுத்தாள். கொல்லைக் கதவின் அடியில் கசியும் நீர் அந்தக் கோணியின் விளிம்பை எட்டியிருந்தது. வீட்டில் ஆறு பேர் என்று மேலே எழுதினேன். இடம் பங்கிட்டபோது நான் எண்ணியது ஐந்து பேரைத்தான்.

மறுநாள் கடைத்தெருவுக்குப் போய் மூன்று பிள்ளைகளுக்கும் மூன்றாவது சீருடைக்குத் துணி எடுத்தேன். கிறிஸ்து பிறப்பு விழாவுக்கென ஒதுக்கியிருந்த பணம் அது. பண்டிகைக்குப் புதுச்சட்டை இல்லை என்று சிறியவன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஈரச் சட்டையை உலர்ந்த துண்டில் சுருட்டி முறுக்கினால் பாதி நீர் துண்டுக்குப் போய்விடும் என்பதையும், எஞ்சியதை அடுப்புக்கு எட்டாத உயரத்தில் அடுப்படிக் கொடியில் போட்டால் விடியுமுன் உலர்ந்துவிடும் என்பதையும் என் மனைவி கண்டறிந்தாள். முறுக்கும் வேலை என்னுடையதாயிற்று. விசிறி நின்றது. கூடத்தில் அவளுக்கு ஓர் இடம் கிடைத்தது. அந்த ஆண்டுக் குடிலில் கேழ்வரகு சரியாக முளைக்கவில்லை. சிறுவர்கள் கிளறிய கிளறலில் வேர் பிடிக்கவில்லை. தந்தையார் நாற்காலியில் அமர்ந்து, காலை ஒரு முக்காலிமேல் வைத்துக்கொண்டு, நெற்பயிருக்கு நீர் பாய்ச்சுவது எப்படி என்று அவர்களுக்குப் பாடம் நடத்தினார்.

அவர் 2001-ஆம் ஆண்டு சித்திரையில் காலமானார். குளிர்காலத்தில் அன்று. அதில் எனக்கு ஒரு சிறு ஆறுதல் உண்டு. அதனை விளக்கத் தெரியவில்லை.

அதற்குப்பின் எத்தனையோ கார்த்திகைகள். 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16 விடியலில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரைகடந்து எங்கள் பகுதித் தென்னந்தோப்புகளைத் தரையோடு சாய்த்துப் போட்டபோது, எங்கள் கூரை ஓடுகளும் பறந்தன. கொல்லைத் தாழ்வாரம் இருந்த இடம் வெறுந்தரை ஆயிற்று. பல நாட்கள் மின்சாரம் இல்லை. அக்கம்பக்கத்தார் உட்படப் பதினோரு பேர் ஓர் அறையில், ஒரு விளக்கின் ஒளியில், ஒரே பானைக் கஞ்சியைப் பங்கிட்டுப் படுத்தெழுந்தோம். முன்வாசலில் சாய்ந்து கிடந்த மரத்தின் தேங்காய்த் தொட்டிகளில் நின்ற நீரைத் தினமும் கவிழ்ப்பது என் பொறுப்பு. டெங்குக் கொசு தெளிந்த நீரிலேதான் முட்டையிடும். ஒரு வாரம், பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடும். அது கடிப்பதும் பகலில். அந்த நெருக்கத்தில் யார் எங்கே படுப்பது என்பதற்கு நான் ஒரு பட்டியலே போட்டேன். முதற்பெயர் என் மனைவியுடையது. அவள் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையின் தாயை அந்த இடத்தில் படுக்க வைத்தாள்.

இப்போது எனக்கு வயது எழுபதைக் கடந்துவிட்டது. ஓட்டு வீடு மாடி வீடாகிவிட்டது. இளைய மகன் குடும்பத்தோடு இருக்கிறோம். மருமகள் பணிக்குச் செல்பவள், இனியவள், பேரப்பிள்ளைகள் இருவர். துணி துவைக்கும் இயந்திரம் இருக்கிறது. அது துவைக்கும், பிழியும், உலர்த்துவதற்கு அதற்கும் கார்த்திகையில் வெயில் வேண்டும். ஆகவே கூடத்தில் மீண்டும் கொடி கட்டப்பட்டிருக்கிறது.

கடந்த கல்லறைத் திருநாளன்று மகள் வந்திருந்தாள். இயற்பியலுக்கு அழுத அதே மகள்தான். அவளுடைய பிள்ளையே இப்போது கல்லூரியில் படிக்கிறது. மாலையில் எல்லாரும் கல்லறைக்குச் சென்றோம். தூறலில் மெழுகுதிரி நிற்கவில்லை. ஏற்றுவதும் அணைவதுமாக இருந்தது. அவள் தாத்தாவின் கல்லறைமேல் குடையைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள். குளிருகிறது, வா என்றேன். வருகிறேன் என்றாள், வரவில்லை.

அன்றிரவு மழை வலுத்தது. மறுநாள் பள்ளி உண்டு. பேரப்பிள்ளைகளின் சீருடைகள் கொடியில் ஏறின. விசிறி சுழலத் தொடங்கியது. என் கட்டில் அதன் கீழே. மருமகள் தயக்கத்தோடு, “மாமா, காற்று உங்களுக்கு ஒத்துக்கொள்ளுமா? இல்லை, உங்களுக்கு முன்னறையில் படுக்கை போட்டுத் தரவா?” என்று கேட்டாள். முன்னறை என்பது தெருப்பக்கம், சாரல் அடிக்கும். நான் எண்ணிப் பார்க்கும் முன்னரே என் வாய் விடை சொல்லிவிட்டது.

“முன்னறையே நல்லது, அம்மா. எனக்கு ஒன்றும் வேண்டாம்.”

சொல்லி முடித்த பிறகுதான் அது யாருடைய சொல் என்று எனக்கு விளங்கியது. நிமிர்ந்து பார்த்தேன். என் மகள் கூடத்தின் மறுகோடியிலிருந்து என்னையே நோக்கிக்கொண்டிருந்தாள். ஒன்றும் பேசவில்லை. எழுந்து வந்து விசிறியை நிறுத்தினாள். கொடியிலிருந்த சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, அலமாரியிலிருந்து உலர்ந்த துண்டு ஒன்றையும் எடுத்துக்கொண்டு அடுப்படிப் பக்கம் போனாள். அங்கே பாத்திரங்களின் ஓசை நின்றது. அவள் குரல் மட்டும் கேட்டது.

“அம்மா, இராத்திரி நீ எங்கே படுத்துக்கொள்கிறாய்?”